பிள்ளையை ஹோமில் சேர்க்கச் சொன்ன அம்மாவும் உங்கள் ஒரு பக்க விண்ணப்பமும்

வாசகியின் கடிதம்:

வணக்கம் மேடம். எனக்கு 31 வயது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு, தென் மாவட்டம் ஒன்றின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆறு வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். தொகுப்பூதியம் 18,536 ரூபாய். வருடா வருடம் ஒப்பந்தம் நீட்டிப்பு வருமா என்று காத்திருக்க வேண்டும். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் குடும்ப ஆதரவுத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறது. சம்பளம் இரண்டு மடங்கு. 'உங்கள் தனிப்பட்ட விழுமியங்களும் தொழில் இலக்குகளும்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். 'எந்தக் குழந்தையையும் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பதே என் கொள்கை' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஒரு கேஸ் கண்முன்னே வந்து நிற்கிறது.

கணவர் விட்டுவிட்டுப் போன ஒரு அம்மா. நூற்பாலையில் வேலை. 'ரெண்டு பிள்ளைகளையும் ஹோம்ல சேர்த்துவிடுங்க' என்று கேட்டு வந்தார். நான் மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசி அவர் மனதை மாற்றினேன். பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்க அரசு மாதாமாதம் தரும் ஸ்பான்சர்ஷிப் உதவிக்கு எழுதினேன். பணம் வர ஏழு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் 12 வயதுப் பெண், நாலு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். நான் ஹாஸ்டலில் வளர்ந்தவள் மேடம். அதனால்தான் அப்படிச் செய்தேனா? என் கொள்கையே தப்பா? ஃபீல்டை விட்டு ஆபீஸ் வேலைக்குப் போவது, ஓடிப்போவது ஆகுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தோடு அந்தக் கேஸின் சமூக விசாரணை அறிக்கையையும் இணைத்திருந்தீர்கள். முதலில் அதற்கு ஒரு குட்டு. பெயர்களைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறீர்கள், சரி. ஊர்ப் பெயரும் பள்ளிக்கூடத்தின் பெயரும் இரண்டாம் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சொல்லும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்து முடித்ததும் அழித்துவிட்டேன். நீங்களும் அனுப்பியதை அழித்துவிடுங்கள். இங்கே வெளியாகும் கடிதத்திலும் அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கொள்கை தப்பில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே அதைத்தான் சொல்கிறது. மூன்றாம் பிரிவில் வரிசையாக வரும் கொள்கைகளில், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்று இருக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்வது 'கடைசி வழி'. நீங்கள் எழுதியிருப்பது 'எந்தக் குழந்தையையும் கூடாது'. 'கடைசியாக' என்று சொன்னால் அதற்கு முன்னால் என்னென்ன செய்து பார்த்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். 'கூடவே கூடாது' என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் விதிப்படி ஸ்பான்சர்ஷிப் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரால் கைவிடப்பட்டவர் என்பதால் அந்த அம்மா தகுதி உள்ளவர்தான், வருமான வரம்புக்குள்ளும் வருகிறார். இரண்டு பிள்ளைக்கு, ஏழு மாதத்துக்கு, 56,000 ரூபாய். உங்கள் வார்த்தையை நம்பி அவர் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அரசாங்கத்தின் பணம் வரவில்லை. அந்த ஏழு மாதத்தை யாரோ ஒருவர் தன் கையிலிருந்து போட்டுத்தான் ஓட்டியிருக்க வேண்டும். போட்டது அந்த 12 வயதுப் பெண்.

இதில் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. ஒப்புதல் குழுக் கூட்டம் தள்ளிப்போனதும், வங்கிக் கணக்கில் ஆதார் இணையாமல் கிடந்ததும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருந்தது வேறு. அது அறிக்கையிலேயே இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: 'மூத்த குழந்தை பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குக் காலை 8.10 பேருந்தில் செல்கிறாள்.' நாலாம் பக்கத்தில்: 'இளைய குழந்தை அங்கன்வாடி செல்கிறான். மையம் 9.30க்குத் திறக்கப்படுகிறது.' மூன்றாம் பக்கத்தில், அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு, மில் பஸ் அஞ்சு மணிக்கே ஊருக்குள் வந்துவிடும் என்று இருக்கிறது. மூன்று வரியும் மூன்று பக்கத்தில். ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. 8.10 பஸ்ஸில் அக்கா ஏறிவிட்டால் 9.30 வரைக்கும் அந்த நாலு வயசுப் பையன் யாரிடம் இருப்பான்?

அந்த ஒரு மணி இருபது நிமிடம்தான் கேஸ். 'ஹோம்ல சேர்த்துவிடுங்க' என்று அம்மா சொன்னதும் அந்த ஒரு மணி இருபது நிமிடத்தைத்தான் என்று நினைக்கிறேன். நம் ஊர்களில் உதவி என்றால் ஏழை வீடுகளுக்குத் தெரிந்த ஒரே பெயர் 'ஹோம்'. ஸ்பான்சர்ஷிப், வளர்ப்புப் பராமரிப்பு, பகல்நேரக் காப்பகம் எல்லாம் நம் ஃபைலில் இருக்கிற பெயர்கள். ஹோம் மட்டும்தான் பக்கத்துத் தெருப் பிள்ளை போய்ச் சேர்ந்ததாக அவர் கண்ணால் பார்த்தது. அதனால் அவர் ஹோம் என்று கேட்டால், 'எதற்கு ஹோம்?' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். நீங்கள் 'ஹோம் வேண்டாம்' என்று மூன்று விசிட் பேசியிருக்கிறீர்கள்.

ஏன் அப்படி? உங்கள் சந்தேகம் சரி என்றே எனக்கும் தோன்றுகிறது. நாலாம் பக்கத்துக் கடைசியில் ஒரு வரி: 'தாய் பிள்ளைகளின் மீது பற்றுக் குறைந்தவராகக் காணப்படுகிறார்.' எதைப் பார்த்து எழுதினீர்கள்? மேலே உள்ள நாலு பக்கத்திலும் அதற்கு ஆதாரமாக ஒரு சம்பவம்கூட இல்லை. எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்றுவிட்டு வந்து, பையனுக்கு இளைப்பு வந்த இரவில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்ததையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி மில்காரம்மாவைப் பற்றியது இல்லை. ஏதோ ஒரு ஜூன் மாதத்தில் ஹாஸ்டல் வாசலில் டிரங்குப் பெட்டியோடு உங்களை விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றியது என்று நான் ஊகிக்கிறேன். ஊகம்தான். தப்பென்றால் திட்டி எழுதுங்கள்.

நம் விழுமியம் என்ன என்பதை விண்ணப்பத்தில் தேடினால் கிடைக்காது. நாம் எழுதிய அறிக்கைகளில், ஆதாரம் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிற உரிச்சொற்களில் தேட வேண்டும். 'பொறுப்பற்ற', 'பற்றுக் குறைந்த', 'அடக்கமான', 'ஒத்துழைக்காத'. போன வருடம் எழுதிய பத்து அறிக்கைகளை எடுத்து, இந்த மாதிரிச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும். எனக்கு இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு வீட்டுக்குப் போய்வந்து, 'சமையலறை சுகாதாரமாக இல்லை, பாத்திரங்கள் கழுவப்படாமல் கிடந்தன' என்று எழுதினேன். என் மேற்பார்வையாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில், 'தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம்?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எனக்குக் கோபம். மறுபடி போய்க் கேட்டேன். ஒன்பது நாளைக்கு ஒரு தரம். ஆறு குடம். எங்கள் வீட்டில் அம்மா ராத்திரியே பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பாள். அந்தப் பழக்கத்தோடு நான் இன்னொருத்தி அடுப்படிக்குள் போயிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய தப்பும் செய்திருக்கிறேன். அப்போது ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் இருந்தேன். நம் ஊரில் கவுன்சலிங் என்றாலே 'சேர்த்து வைக்கிறது' என்றுதானே அர்த்தம்? எனக்கும் அதுதான் அர்த்தம். சமாதானமாகிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றால் பதிவேட்டில் 'தீர்வு' என்று எழுதுவோம், மாதாந்திர அறிக்கையில் எண்ணிக்கை ஏறும். குடித்துவிட்டு அடிக்கிற ஒருவரோடு ஒரு பெண்ணை நான்கு சிட்டிங்கில் சேர்த்து வைத்தேன். அவர் போகத் தயங்கினார். 'பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா' என்றேன். ஐந்து வாரம் கழித்து மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து, என்னிடம் வராமல் வாசலில் இருந்த ஆயாம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், பாதுகாப்பு ஆணை, குடியிருப்பு ஆணை எல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சை வைத்தால் எழுதியிருப்பேன். அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று எனக்கே பயம்.

சமூகப் பணி அறிஞர் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கொள்கைகளை முதலாண்டில் நீங்களும் நெட்டுரு போட்டிருப்பீர்கள். ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்புச் சொல்லாமை, ரகசியம் காத்தல், உதவி தேடி வருபவரின் சுயமுடிவு என்று வரும். வைவாவில் கடகடவென்று ஒப்பித்துவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் எடுக்கிற முடிவு நம் மனதுக்கு ஆகாத முடிவாக இருக்கும் நாளில்தான் இருக்கிறது சங்கதி. அன்றைக்கு நான் சுயமுடிவு என்ற சொல்லை மறந்தேன். நீங்களும் மறந்தீர்கள். அதற்காக அந்த மில் அம்மா சொன்னதை அப்படியே எழுதி, பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நீட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்புறம் அவர் கேட்டதை இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். சில அலுவலகங்களில் கேஸ் பேசும்போது, 'இதில் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, இன்னொருவரும் ஒரு விசிட் போய் வரட்டும்' என்று சொல்கிற பழக்கம் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் நீங்கள் ஆரம்பியுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஹாஸ்டலில் வளர்ந்தது உங்களுக்குத் தடையா என்றால், இல்லை. விடுமுறை முடிந்து திரும்பும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பிள்ளைக்கு வயிறு ஏன் வலிக்கிறது என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும், உங்களுக்கு வேண்டியதில்லை. அது பெரிய கைமுதல். அந்த ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லா வீட்டையும் பார்ப்பதுதான் சிக்கல்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். 'ஓடிப்போவது ஆகுமா' என்ற கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நம் துறையில் 'சேவை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மேடையில் சால்வை போடவும் அது உதவும், சம்பளம் கேட்பவரின் வாயை அடைக்கவும் உதவும். ஆறு வருடம் தொகுப்பூதியத்தில் பெட்ரோல் போட்டு ஃபீல்டு சுற்றிய ஒருவர் இரண்டு மடங்கு சம்பளத்தைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. உங்கள் வீட்டிலும் ஒரு குடும்பம் இருக்கிறது, அதற்கும் ஆதரவு வேண்டும். பணத்துக்காகப் போகிறேன் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு போனால் அதில் ஒரு தப்பும் இல்லை.

நான் கேட்பது வேறு. அந்த வேலையில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா? காலை பத்து மணிக்கு எங்கே இருப்பீர்கள், மூன்று மணிக்கு யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்? நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் கேளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் ஃபீல்டு? எனக்குக் கீழே எத்தனை பணியாளர்கள், ஒவ்வொருவர் கையிலும் எத்தனை குடும்பம்? ஒரு குடும்பத்துக்கு உடனடியாக இரண்டாயிரம் ரூபாய் தேவைப்பட்டால் அதைக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு உண்டா, தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டுமா? நிதி எத்தனை வருடத்துக்கு உறுதி? இந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏழு மாதம் காத்திருந்த வலி உங்களுக்குத் தெரியும். அதிகாரம் உண்டு என்று சொன்னால் அந்த நிறுவனத்தை நான் கொஞ்சம் மதிப்பேன்.

மாவட்டத்திலேயே இருக்க முடிவெடுத்தால், நிறுவனம் சாராப் பராமரிப்பை, அதாவது பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்காமல் குடும்பத்திலேயே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர் பதவி அடுத்த படி. தொகுப்பூதியம் 27,804. ஒப்பந்தம்தான், நிச்சயமின்மை தீராது. ஆனால் ஸ்பான்சர்ஷிப் ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறதோ அந்த மேசைக்கு நீங்களே போய்விடுவீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மனநல சமூகப் பணி பக்கம் போகவும் யோசனை இருக்கிறது என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். 2017 மனநலச் சட்டம் மனநல சமூகப் பணியாளர் என்று சொல்வது எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். படித்தவரை. 31 வயதில் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் இருக்க முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யை எழுதிக்கொண்டே இருங்கள், அதற்கு யோசனை கேட்க வேண்டியதில்லை.

அந்த ஒரு பக்கத்தைப் பற்றி. நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். 'சிறு வயது முதலே பிறருக்கு உதவும் எண்ணம் கொண்டவள்' என்று ஆரம்பிக்கும் பக்கங்களை நாங்கள் யாரும் இரண்டாம் பத்தி வரை படித்ததில்லை. உங்களுடையது அதைவிடப் பரவாயில்லை, கொள்கையில் ஆரம்பிக்கிறது. ஆனால் அதை எழுதியவர் ஒரு வீட்டுக்குள்ளாவது போனவரா என்று படிப்பவருக்குத் தெரியாது. நானாக இருந்தால் இந்த மாதிரி ஆரம்பிப்பேன், நீங்கள் உங்கள் பாஷையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

'நான் விடுதியில் வளர்ந்தேன். அதனால் பிள்ளைகள் வீட்டில்தான் வளர வேண்டும் என்று நம்புகிறேன். இந்த நம்பிக்கையால் ஒரு கேஸில் தவறு செய்தேன். ஒரு தாயின் கோரிக்கையை மறுத்து, பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் செய்தேன். அதற்கு வேண்டிய பணமும் ஆளும் கைக்கு வந்த பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஐந்து ஆண்டில், பிள்ளையைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு குடும்பம் யோசிக்கும் வாரத்திலேயே உதவி போய்ச் சேரும்படி ஒரு வட்டாரத்திலாவது வேலை செய்ய விரும்புகிறேன்.'

ஊர், வயது, மில் எதுவும் வேண்டாம். தவறை எழுதினால் வேலை கிடைக்காது என்று பயப்படுவீர்கள். சில இடங்களில் கிடைக்காது, உண்மைதான். அந்த மாதிரி இடத்தில் உங்கள் பணியாளர்களும் தங்கள் தவறுகளை உங்களிடம் மறைப்பார்கள். அப்புறம் நாலாம் பக்கத்து வரியும் இரண்டாம் பக்கத்து வரியும் எப்போது சந்திக்கும்?

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு நாள் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வாருங்கள். டி.சி. வாங்கியிருக்க மாட்டார்கள். நீண்ட நாள் வராததால் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில்) பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவர் பட்டியலுக்குப் போயிருக்கலாம், போயிருந்தாலும் தலைமையாசிரியர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 14 வயதுக்குள் இருப்பதால் வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைப்பது கல்வி உரிமைச் சட்டப்படி அவர்கள் கடமை, சலுகை இல்லை. போகிற வழியில் அங்கன்வாடி ஆயா வீடு எங்கே என்று விசாரியுங்கள். அதே தெருவாக இருந்தால், அஞ்சு மணிக்கு அம்மா கிளம்பி, 8.10க்கு அக்கா பஸ் ஏறி, மையம் திறக்கும் வரைக்கும் பையன் அவர் திண்ணையில் இருக்க என்ன கேட்பார் என்று பேசுங்கள். மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு கேட்பார். ஸ்பான்சர்ஷிப் பணம்தான் இப்போது வர ஆரம்பித்துவிட்டதே. ஆனால் அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முதலில் அம்மாவைக் கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து அவர் குளித்துச் சாப்பிட்ட பிறகு போங்கள், மூன்று மணிக்கு மேல்.